சமையலறை ஸ்பீக்கர்

அன்று மாலை நான் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன். ஹாலில் லேப்டாப்பில் ஓடிய ஜெபத்தோடு சேர்ந்து என் கணவர் பிரகாசம் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குக் காது மந்தம். கிறிஸ்துமஸுக்குக் கனடாவிலிருந்து வந்துபோன மகள் ரெனிட்டா, ஒரே சத்தத்தை இரண்டு இடங்களுக்கு அனுப்பும் மென்பொருள் ஒன்றை அதில் போட்டுக் கொடுத்திருந்தாள். அவருடைய காது மெஷினிலும் என் சமையலறை ஸ்பீக்கரிலும் சேர்ந்து கேட்கும். எனக்கு மட்டும் கொஞ்சம் தாமதமாக வரும். ஸ்பீக்கரில் மன்றாட்டு முடிவதற்குள் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று அவர் குரல் வந்துவிடும்.

"ஆனி, என் மாதா வந்துட்டாங்க. உன் மாதா இன்னும் லஸ் சிக்னல்ல நிக்கிறாங்க" என்றார்.

"நிக்கட்டும். உங்க மாதாவ வந்து மீன் ஆயச் சொல்லுங்க."

ஜெபம் முடிந்ததும் அதே லேப்டாப்பில் ரெனிட்டா அழைத்தாள். அவர் அதைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். ஜெபம்தான் எனக்கும் வரும், அழைப்பு தன் காதுக்குள் மட்டும்தான் கேட்கும் என்று நினைத்துவிட்டார்.

சமையலறையில் ரெனிட்டா பேசினாள். அவர் சொன்ன பதில்கள் கேட்கவில்லை, அவள் குரல் மட்டும்.

"கல்லீரல் வரைக்கும் பரவிடுச்சு, இனிமே ஆபரேஷன் வேணாம்னுதான் டாக்டர் என்கிட்டயும் சொன்னாருப்பா."

அவர் ஏதோ கேட்டிருக்கிறார்.

"அம்மாவுக்குச் சொல்லாதீங்க. அப்புறம் உங்கள விட்டுட்டு அவங்களதான் பாத்துக்கணும்."

பிறகு சிரித்தாள். அவர் ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறார்.

அவருடைய அம்மாவுக்கு இதே நோய் வந்தபோது கடைசிவரை மலமும் மூத்திரமும் எடுத்தவள் நான். என்னால் தாங்க முடியாது என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

வெளியே வந்தவரிடம், "இன்னா சொல்றா உங்க பொண்ணு?" என்றேன்.

"அங்க பனி கொட்டுதாம்."

"வேற?"

"வேற இன்னா? மீன் ரெடியா?"

அவர் வாயாலேயே வரட்டும் என்று இருந்தேன். சனிக்கிழமை பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றியபின், "இன்னா வேண்டிக்கினீங்க?" என்று கேட்டேன்.

"உன் மூட்டு வலி போவணும்னு."

ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அல்சர் என்றார். பேச்சு நிற்கும்வரை அல்சர்தான். ரெனிட்டா வந்து சேர்ந்தாள். நான் உள்ளே நுழைந்தால் டாக்டரிடம் பேசுவதை நிறுத்திவிடுவாள்.

கல்லறையில் மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது என் தோளில் சாய்ந்து அழுதாள்.

"திடீர்னு போயிட்டாரேம்மா."

"எனக்குத் தெரியும் ரெனி. அன்னிக்கு நீ பேசினதெல்லாம் கிச்சன் ஸ்பீக்கர்ல கேட்டுச்சு."

அவள் தோளிலிருந்து தலையை எடுத்தாள். "உங்க நல்லதுக்குத்தாம்மா."

"என் புருஷன்கிட்ட நான் பேச வேண்டியது இருந்துச்சுடி."

வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவர்களிடம், அப்பா திடீரென்று போய்விட்டார் என்றாள். இப்போதும் யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்கிறாள்.