முந்நூற்றுப் பன்னிரண்டு பைகள்

இந்த ஸ்டூலை எங்காவது ஒளித்துவைத்துவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. மாமா இன்னொன்று வாங்கிவருவார். அதையும் இப்படி ரோட்டோரம் போட்டு உட்காருவார்.

கே.கே. நகரில் ஒரு காலிக் கட்டிடத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்த மாமனார் சுயம்புலிங்கத்திடம் மோர் பாட்டிலை நீட்டியபடி ஜெயபாரதி இப்படி நினைத்துக்கொண்டாள். அவர் பைகளை எண்ணிக்கொண்டிருந்தார். சாத்தான்குளத்திலிருந்து வந்து தி.நகரில் முதல் ஜவுளிக்கடை போடுவதற்கு முன்பு, மூன்று நாள் தெருமுனையில் உட்கார்ந்து, பையோடு போகிறவர்களை எண்ணினாராம். பை அதிகம் போகிற தெருவில் கடை ஓடும். அப்படித் தேர்ந்த நான்கு கடைகளும் ஓடத்தான் செய்கின்றன.

ஆனால் இப்போது இடம் தேடுவது கடைக்கு இல்லை, ரவிக்கை தைக்கும் யூனிட்டுக்கு. தி.நகர் கடைக்குப் பின்னால் அது இருக்கும் பழைய கட்டிடத்தை இடிக்கப்போகிறார்கள். மாத முடிவுக்குள் இருபத்திரண்டு மெஷின்களும் வேறு இடம் போக வேண்டும்.

"மத்தியானத்துக்குள்ள முந்நூத்திப் பன்னெண்டு பை," என்றார் மாமா. "ராசியான எடம்மா. நாளைக்கே முடிச்சிருவோம்."

அவள் காலி மோர் பாட்டிலைத் திரும்ப வாங்கி மூடினாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷம். இந்த ஊர், அந்த வீடு, யூனிட்டில் தன் மேசை இருக்கும் மூலை, எதையும் அவள் தேர்ந்ததில்லை. பெண் பெயரில் இருந்தால் கடன் சுலபம் என்று யூனிட்டை அவள் பெயரில் போட்டார்கள். வெறும் பெயர்தான். ஆனால் அது எப்படியோ உள்ளே இறங்கிவிட்டது. இப்போதெல்லாம் ஒரு ரவிக்கையின் கைக்குழி சரியாக உட்காராவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஆட்டோ பிடித்துப் பெரும்பாக்கம் போனாள். யூனிட்டின் இருபத்திரண்டு பெண்களும் அங்கேதான் வசித்தார்கள். முன்பு சிந்தாதிரிப்பேட்டையில் கூவத்தோரம் குடியிருந்தவர்கள். வீடுகளை இடித்து, இங்கே அடுக்குமாடியில் கொண்டுவந்து வைத்தார்கள். பஸ் ஸ்டாப்பில் சூப்பர்வைசர் ஜோதிலட்சுமி அவளைப் பார்த்து வாயில் கை வைத்தாள்.

"இன்னாக்கா, காலங்காத்தால? காரு ரிப்பேரா?"

"உன்கூட பஸ்ல வரலாம்னு."

"தோ பார்றா! வா வா. டிக்கெட்டு ஃப்ரீதான். நிக்கத்தான் எடம் கெடைக்காது."

முதல் பஸ் நிற்காமலே போனது. இரண்டாவதில் ஏற முடியவில்லை. காத்திருந்த நேரத்தில் ஜெயபாரதியும் எண்ணினாள். ஸ்டாப்புக்கு எதிரே மளிகைக் கடையின் மாடியில் ‘வாடகைக்கு’ என்ற பலகை தொங்கியது. போய்ப் பார்த்தாள். நீளமான ஹால், நல்ல வெளிச்சம்.

மூன்றாவது பஸ்ஸில் அவள் செருப்பு வார் அறுந்தது. ஜோதிலட்சுமி தன் தோளைக் காட்டி, "புட்ச்சுக்கோக்கா," என்றாள்.

"கே.கே. நகர்னா எத்தனை பேர் வருவீங்க?"

"இன்னொரு பஸ்ஸு மாறணும். எட்டு பேரு வந்தா பெர்சு. புள்ளைங்கள யாரு ஸ்கூலுக்கு அனுப்பறது? கோச்சுக்காதக்கா. மத்தவங்க வூட்லயே குந்திக்க வேண்டியதுதான்."

மீதி பதினான்கு பேர். ஒவ்வொருவர் முகமும், அவர்கள் தையலும் அவளுக்குத் தெரியும்.

மத்தியானம் கடை மாடியில் வாடகை ஒப்பந்தம் தயாராக இருந்தது. கட்டிடக்காரர் ராகேஷ் எதிரே உட்கார்ந்திருந்தார். மாமா பேனாவைத் திறந்து கொடுத்தார்.

"மாமா, யூனிட்டுக்குப் பை தூக்கிட்டு யாரும் வரமாட்டாங்க," என்றாள். "தைக்கிறவங்கதான் வரணும். பெரும்பாக்கத்துல ஒரு ஹால் பார்த்துட்டு வந்தேன். வெட்டின துணியை நம்ம வேன்ல அனுப்பலாம். துணிக்குக் கால் வலிக்காது."

ராகேஷ் சிரித்துவிட்டு, அவசரமாகப் போனைப் பார்த்தார்.

"அங்க எத்தன பை போச்சு?"

"பை எண்ணலை. வேலைக்குப் போற பொம்பளைங்களோட டிபன் டப்பாவை எண்ணினேன். ஒரு மணி நேரத்துல நூத்தி நாப்பது."

மாமாவின் நெற்றி சுருங்கியது. எண்ணிச் சொன்ன எதையும் தள்ளிவிட அவருக்கு வராது. "நூத்தி நாப்பதா? நீயே எண்ணினியா?"

"நாளைக்கு ஆறு மணிக்கு ஸ்டூலோட வாங்க. நீங்களே எண்ணிப் பாருங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, கீழே தெருவில் போகும் கூட்டத்தைப் பார்த்தார்.

"சரி, வாரேன். பாத்திருவோம்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா இவுக வந்து காத்துக்கிட்டு இருக்காவ. இப்போதைக்கு ஒரு கையெழுத்தப் போட்டு வையி. பெறகு மாத்திக்கிடலாம்லா."

பிறகு. அந்தச் சொல்லோடு அவள் பதினோரு வருஷம் குடித்தனம் செய்திருக்கிறாள்.

பேனாவை மூடினாள். அதை ஒப்பந்தத்தின் மேல், மாமா பக்கமாக வைத்தாள்.

"இல்ல மாமா," என்றாள்.