துணைக்கு ஆள்

சரயு பென்னுக்கு மும்பை போயாக வேண்டும். காட்கோபரில் இருக்கும் தங்கை மிருதுளாவுக்கு மார்ச் பதினாலாம் தேதி இதய அறுவை சிகிச்சை. "உள்ள தள்ளிக்கிட்டுப் போறப்ப நீ வாசல்ல நிக்கணும்க்கா, அது போதும்" என்று தங்கை போனில் அழுதிருந்தாள்.

நியூஜெர்சியில் மகன் வீட்டுக்கு ஆறு மாதம் என்று வந்தவள் சரயு பென். கிரீன் கார்டு வாங்கிக் கொடுத்து நிறுத்திக்கொண்டார்கள், மூன்று வருடம் ஓடிவிட்டது. பாஸ்போர்ட் மகன் தர்ஷக்கின் அலமாரியில், எண் பூட்டுக்குள் இருக்கிறது. பத்திரத்துக்காம்.

தர்ஷக் ஒருநாளும் வாய்விட்டு மறுத்ததில்லை. சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து தேதி தேதியாக விமானம் தேடுவான். கடைசியில் மூடிவிடுவான்.

"துபாய்ல மாறணும்மா. உனக்கு இங்கிலீஷ் வராது. துணைக்கு ஒரு ஆள் கிடைக்கட்டும், அடுத்த நிமிஷம் டிக்கெட்."

ஆள் கிடைக்காமல் இல்லை. கோயில் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பெரியவர் அகப்பட்டார். "அவரையே ரெண்டு பேர் பிடிச்சுக்கணும்" என்றான். ஒரு கல்லூரிப் பெண் போகிறாள் என்றார்கள். "போன்லேர்ந்து தலையைத் தூக்க மாட்டா." கைக்குழந்தையோடு ஒரு தம்பதி வந்தார்கள். "பிள்ளையை உன் தலையில கட்டிட்டுத் தூங்கிடுவாங்கம்மா. அந்தப் பாடு உனக்கெதுக்கு?"

இதை அவன் சொன்னபோது அவனுடைய மகள் சரயு பென்னின் மடியில் உறங்கிக்கொண்டிருந்தாள்.

குழந்தைக் காப்பகத்தில் செப்டம்பரில்தான் இடம். அது தர்ஷக்குக்கும் தெரியும், மருமகள் ஹேதலுக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். காலையில் இருவரும் ஆளுக்கொரு காரில் போய்விட்டால் சரயு பென்னுக்குக் குழந்தை, ஜன்னல், வெளியே பனி. கார் ஓட்டத் தெரியாதவளுக்கு அந்த ஊரில் கால் இருந்தும் பயனில்லை.

பதினாலுக்கு எட்டு நாள் இருக்கையில், குழந்தைக்குக் கிச்சடி ஊட்டிக்கொண்டே அவள் கோயில் குழுவில் குஜராத்தியில் பேசிப் பதிந்தாள்.

"ஜெய் ஸ்ரீ கிருஷ்ணா. நான் பதினொண்ணாம் தேதி மும்பை போறேன். பெரியவங்க யாருக்காவது துணை வேணும்னா சொல்லுங்க, பத்திரமா கூட்டிட்டுப் போறேன்."

கிச்சடி முடிவதற்குள் ஃபால்குனி என்றொருத்தி கூப்பிட்டாள். அம்மா தாரா பென்னுக்கு எழுபத்தெட்டு வயது. ஊருக்கு, ஊருக்கு என்று உயிரை வாங்குகிறாளாம், துணைதான் இல்லையாம்.

"நீங்க தனியாப் போய்ப் பழக்கம்தானே மாசி?" என்றாள், சித்தி முறை வைத்து.

"எத்தனையோ தடவை" என்று கூசாமல் புளுகினாள் சரயு பென்.

தர்ஷக் வீடு திரும்புவதற்குள் குழு நிரம்பி வழிந்தது. 'தர்ஷக் பாய், இப்படிப்பட்ட அம்மா கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்' என்று ஃபால்குனி எழுத, நூறு பேர் கைகூப்பியிருந்தார்கள். தர்ஷக் முகம் சிவந்தது. பெற்றவளிடம் சாக்குச் சொல்லலாம், ஊரிடம் சொல்ல முடியுமா? அன்றே டிக்கெட் போட்டான். திரும்புவதற்கும் சேர்த்துத்தான், இருபத்தொன்பதாம் தேதிக்கு.

"பதினெட்டு நாள்தான் எனக்கு லீவு, பாத்துக்குங்க" என்றாள் ஹேதல்.

விமான நிலையத்தில், வழியனுப்ப வந்த பிள்ளைகள் தாண்ட முடியாத சோதனை வரிசை. தர்ஷக் அம்மாவின் பாஸ்போர்ட்டைத் தாரா பென்னிடம் நீட்டினான். "அம்மா எங்கயாவது வெச்சுட்டு மறந்துடுவாங்க. நீங்களே வெச்சுக்குங்க ஆன்ட்டி." அந்தப் பக்கம் ஃபால்குனி தன் அம்மாவின் பாஸ்போர்ட்டைச் சரயு பென்னின் பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள்.

சோதனை அதிகாரி படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்தபடி இரண்டையும் இடம் மாற்றிக் கொடுத்தார். மூன்று வருடம் கழித்துத் தன் பாஸ்போர்ட் தன் கையில். சரயு பென்னுக்குக் கண் கலங்கிவிட்டது.

"துபாய்ல எங்க மாறணும்னு உனக்குத் தெரியும்ல?" என்று தாரா பென் கிசுகிசுத்தாள்.

"தெரியாது."

"போச்சு போ. கேட்டுக்கலாம், வாய் இருக்குல்ல." நாலடி நடந்து நின்றாள். "அப்புறம் இன்னொண்ணு. நான் இனி ஊரை விட்டு வர மாட்டேன். இருபத்தொன்பதாம் தேதி நீ திரும்பி வருவியா?"

சரயு பென்னுக்குக் குழந்தையின் முகம் வந்தது. பிறகு மருத்துவமனை வாசல் வந்தது. திரும்பிப் பார்த்தாள். கண்ணாடிக்கு அப்பால் தர்ஷக் இன்னும் கையசைத்துக்கொண்டிருந்தான். அவளும் அசைத்தாள்.

"நீங்க வராட்டா எனக்குத் துணை ஏது மாசி?" என்றாள். "தனியா எப்படி வர்றது?"