டாக்டரைக் கண்டால் ஓடும் வலி

ஜெயம்மாளின் இடுப்பு வலிக்கு வெட்கம் அதிகம். கே.ஜி.கண்டிகையில் ஷேர் ஆட்டோ ஏறும்போது உயிரை எடுக்கும். திருத்தணியில் டாக்டர் கல்பனாவின் கிளினிக் வாசலில் செருப்பைக் கழற்றியதும் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். டாக்டர் குனியச் சொன்னால் குனிவாள், நிமிரச் சொன்னால் நிமிர்வாள். எக்ஸ்ரேயிலும் ஒன்றும் விழவில்லை.

புருஷன் கங்காதரனுக்கு இது போதாதா? "ஆட்டோல ஊர் சுத்த நோவல, கரும்பு வெட்டத்தான் நோவுதா?" என்றான். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்; அவனுக்கு எறும்பு கடித்தாலே தெரு கூடும். அடுத்த வாரம் வெட்டு ஆரம்பம். வலி இருக்கிறது என்று டாக்டர் வாயால் ஒரு வார்த்தை வராவிட்டால், அவள் கத்தியோடு வயலில் இறங்கியாக வேண்டும்.

அன்றைக்கு ஜெயம்மாள் உடைத்துச் சொல்லிவிட்டாள்.

"உங்களப் பாத்தா அது ஓடிப்பூடுது டாக்டரம்மா. பொய் சொல்லலங்க."

கல்பனா சிரிக்கவில்லை. "எப்போ தப்பாம வரும்?"

"சாயங்காலம் பால் கறக்கக் குந்துனா வரும்."

"அப்ப நான் வந்து ஒளிஞ்சிக்கிறேன்."

படித்தவர் பேசுகிற பேச்சா இது? ஆனால் சொன்னபடியே வந்தார். ஜெயம்மாளின் பழைய புடவையை முக்காடு போட்டுக்கொண்டு வைக்கோல் போருக்குப் பின்னால் பதுங்கினார். கங்காதரன் கட்டிலை இழுத்துப் போட்டு வேடிக்கை பார்க்க உட்கார்ந்தான்.

ஜெயம்மாள் குந்தினாள். வலி வரவில்லை.

"மருந்து வாசனை அடிக்குதுங்க. அதுக்குத் தெரிஞ்சிபோச்சு. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போங்க" என்று வைக்கோல் போரிடம் கிசுகிசுத்தாள்.

டாக்டர் எருக்குழி வரை தவழ்ந்து போனார். சொம்பு பாதி நிறைந்திருக்கும், வலி வந்துவிட்டது. ஜெயம்மாள் அப்படியே மடங்கிச் சாய்ந்தாள். பால் கொட்டியது, மாடு மிரண்டது. டாக்டர் முக்காடு அவிழ ஓடிவந்தார். பாதி தூரம் வருவதற்குள் வலி போயே போய்விட்டது. ஜெயம்மாள் குத்துக்கல்லாக எழுந்து நின்று, அவமானம் தாங்காமல் அழுதாள்.

கங்காதரன் தொடையைத் தட்டிச் சிரித்தான். "பாத்துக்கினுதான இருந்தீங்க மேடம்? ஒண்ணுமில்லன்னு நீங்களே சொல்லிட்டுப் போங்க."

முழங்கால் வரை சாணியோடு நின்ற கல்பனாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இல்லாத வலி என்னைப் பாத்து எதுக்குங்க ஓடணும்? ஓடுனத என் கண்ணால பாத்தேன். இவங்களுக்கு வலி இருக்குது. கரும்பு வெட்ட வரமாட்டாங்க."

கங்காதரன் கட்டிலை விட்டு எழுந்தான். மாட்டைப் பிடிக்கப் போய்விட்டான்.

ஜெயம்மாளுக்கு உடம்பெல்லாம் தளர்ந்தது. நம்புவதற்கு ஒருத்தர் இருக்கிறார் என்கிற நிம்மதி. தளர்ந்த இடுப்பில், டாக்டரின் கண்ணெதிரிலேயே, வலி மெல்லத் திரும்பி வந்தது. இந்தத் தடவை ஓடவில்லை.

"எங்க நோவுது?"

ஜெயம்மாள் டாக்டரின் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள்.