புதுப்பார்

துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு பழைய கிடங்கை அருங்காட்சியகமாக மாற்றியிருந்தார்கள். உள்ளே ஒரு சுவர் முழுக்கக் கடல் வரைபடம். இந்தக் கரையோரம் மூழ்கிய ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு சிவப்புக் குண்டூசி. மிளகோடு புயலில் உடைந்தது, போர்க்காலத்தில் கண்ணிவெடியில் சிக்கியது, மாலுமி தூங்கிப்போனதால் தரைதட்டியது. ஒரே ஒரு ஊசி மட்டும் கடலுக்கு வெளியே, வரைபடத்தின் மரச்சட்டத்தில் குத்தியிருந்தது. இடம் தெரியாத சரக்குப் படகு. அதில் இன்ஜின் பார்த்தவரின் மனைவி, சந்தை இல்லாத நாட்களில் வந்து, அந்த ஊசி நகர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவாள்.

“எந்த ராஜா காலத்துக் கப்பலுக்கோ இடம் தெரியுது சார். என் பொண்ணு நடக்க ஆரம்பிச்சப்ப முழுகினது தெரியலையா?”

“அதெல்லாம் கரையிலேருந்து பார்த்தவங்க சொன்னதும்மா. இதைப் பார்த்தவங்க யாரும் திரும்பலையே,” என்றார் காப்பாளர்.

இடம் தெரிந்தால் முக்குளிப்பவர்களை இறக்க அவர் ஏற்பாடு செய்வார். எலும்போ செருப்போ, எடுத்ததைக் கையில் கொடுப்பார்கள். அவளுக்கு அது போதும். அப்பா வேறெங்கோ வேறொரு குடும்பத்தோடு இருக்கிறார் என்று மகள் நம்பத் தொடங்கியிருந்தாள். யாரோ பள்ளியில் சொன்னதாம். இப்போது அப்பாவின் படத்தைச் சுவரில் மாட்டவே விடுவதில்லை.

காப்பாளர் ஒரு வழி சொன்னார். “கடலடியில பார், அதான் மீன் அடையிற பாறைத் திட்டு, எங்கெங்க இருக்குன்னு தெரிஞ்ச ஆளைக் கூட்டிட்டு வாங்க. பாறையையெல்லாம் கழிச்சுட்டா மிச்ச இடத்துல தேடலாம்.”

அப்படி ஓர் ஆள் குடும்பத்திலேயே இருந்தான், கணவனின் தம்பி. ஊரில் அவனுக்கு ரேடியோ என்று பெயர். நிறுத்தப் பொத்தான் கிடையாது. அவன் பிடிக்கும் மீனை அவள் சந்தையில் விற்றாள். கிழிந்த அவன் வலைகளைப் பச்சை நூலால் தைத்துக் கொடுத்தாள். இரண்டு வீட்டு அடுப்பும் அதில்தான் எரிந்தன.

“மியூசியத்துக்கா? என்னையும் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சிருவாங்க அண்ணி,” என்று நழுவப் பார்த்தான். கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டி வந்தாள்.

காப்பாளர் கடலடியை அளந்து வரைந்த பழைய படத்தை மேசையில் விரித்தார். ரேடியோ ஒவ்வொன்றாகச் சொன்னான். ஆனைப்பார். இரட்டைப்பார். கோபக்காரன் பார். (“வலை போட்டா திருப்பித் தரமாட்டான் சார், அதான் அந்தப் பேரு.”) படத்திலிருந்த பாறைக் குறிகளோடு எல்லாம் சரியாகப் பொருந்தின. காப்பாளர் பென்சிலால் அடித்துக்கொண்டே வந்தார்.

“அவ்வளவுதான் சார்.”

“என்ன தம்பி, நம்ம புதுப்பாரை விட்டுட்டே?” என்றாள் அவள். பெருமையாகவே சொன்னாள். “இவன் கண்டுபிடிச்சது சார். எங்க வீட்டு ஆளுங்களைத் தவிர ஒருத்தருக்கும் இடம் தெரியாது. சந்தையில அந்த மீனுன்னா தனி மவுசு.”

காப்பாளர் சிரித்தார். “புதுசா? பாறை எப்படிம்மா புதுசா முளைக்கும்?”

சிரிப்பு பாதியில் நின்றது. அவர் ரேடியோவைப் பார்த்தார். ரேடியோ மேசை விளிம்பைப் பார்த்தான். அவன் வாய் மூடியிருந்ததை அவள் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தாள்.

“தம்பி.”

“வலையில அண்ணனோட டிபன் டப்பா வந்துச்சு அண்ணி. கொக்கி உடைஞ்சதுக்கு நீங்க கம்பி கட்டுனீங்களே, அது.”

“எப்ப?”

“பாப்பாவைப் பள்ளிக்கூடத்துல சேர்த்த வருஷம்.”

“டப்பா எங்க?”

“திரும்பப் போட்டுட்டேன். சொன்னா அங்க யாரும் வலை போடக்கூடாதுன்னுருவாங்க. அப்புறம் நாம என்னத்தைத் தின்போம்? அண்ணனே சோறு போடுறாருன்னு நெனைச்சுக்கிட்டேன் அண்ணி.”

அவள் எழுந்து வாசலுக்குப் போனாள். சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தாள்.

கடல் அமைதியானதும் முக்குளிப்பவர்கள் போனார்கள். படகு அங்கேதான் கிடந்தது. ஆனால் உள்ளே நுழைய முடியவில்லை. மாட்டி அறுந்த வலைகள், ஒன்றின் மேல் ஒன்றாக, கதவையும் சன்னலையும் மூடிக் கிடந்தன. போனால் ஆளே சிக்கிக்கொள்வான். இனி யாரையும் இறக்க முடியாது என்றான் தலைமை முக்குளிப்பான். அவள் நம்புவதற்காகக் கீழே எடுத்த புகைப்படத்தைக் காட்டினான். விளக்கு வெளிச்சத்தில், பாசிக்கு நடுவே, பச்சை நூல் முடிச்சுகள். இரட்டை முடிச்சு. அவிழாமலிருக்க அவள் போடுவது.

காப்பாளர் ஊசியைச் சட்டத்திலிருந்து பிடுங்கிக் கடலில் குத்தினார். வரைபடம் எல்லாருக்கும் பொது. ஒரு வாரம் போவதற்குள் அந்த இடத்தில் பத்துப் படகுகள் வலையோடு நின்றன. அவள் மகளிடம் முக்குளிப்பான் எடுத்த படத்தைக் காட்டினாள். “இதுல அப்பா எங்க இருக்காரு?” என்று கேட்டுவிட்டு மகள் போய்விட்டாள்.

ரேடியோ கூடையைக் கொண்டுவந்து வாசலில் வைத்தான். எங்கே பிடித்தது என்று அவன் சொல்லவில்லை. அவள் கேட்கவில்லை. வீட்டில் வேறொன்றும் இல்லை. எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனாள்.

வழக்கமாக வாங்கும் பெண் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். “புதுப்பார் மீன்தானே அக்கா?”

“தெரியல.”

“விக்கிற உங்களுக்கே தெரியலேன்னா எப்படி?” என்று சிரித்தபடி அந்தப் பெண் அடுத்த கடைக்குப் போனாள். அங்கே ஒருவன் அந்தப் பெயரைத்தான் கூவிக்கொண்டிருந்தான்.