எலும்பைத் தேடிய விரல்

இரண்டாம் உலக யுத்தம் தொடங்கிய வருஷம். பூந்தமல்லிக்குப் பக்கத்து நூம்பல் கிராமத்தில் பூ விவசாயம் செய்துவந்த கங்காதரனின் நாய் சூரன், இரண்டு நாளாகச் சோற்றைத் தொடாமல், கீழ்த்தாடை தொங்க, எச்சில் ஒழுக நின்றது. தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கும் என்று கங்காதரன் அதன் வாய்க்குள் கையை விட்டுத் தேடினான். எலும்பு எதுவும் இல்லை. பல் பட்டு விரல் லேசாகக் கீறிக்கொண்டது. மனைவி பூங்காவனம் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டாள்.

மறுநாள் காலை, மாட்டைப் பார்க்க வந்த பூந்தமல்லி மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் அப்துல் கையூம் நாயைக் கண்டதும் எட்டியே நின்றுவிட்டார்.

"எலும்பு மாட்டிகினா காலால வாயைப் பிராண்டிகினே இருக்கும். இது சும்மா நிக்கிது பாரு. கொரலு மாறிப்போச்சா?"

"ஆமா சாயபு, கம்மிப்போச்சு," என்றாள் பூங்காவனம்.

"இது வெறிம்மா. வெறி நாய்னா ஓடியாந்து கடிக்கும்னு இல்ல, இப்படியும் வரும். மனுசனுக்கு ஒட்டிகினா மாசங்கழிச்சிகூட வரும், தண்ணி தொண்டையில எறங்காது. ஆராவது வாயில கை வெச்சீங்களா?"

பூங்காவனம் புருஷனின் விரல் கட்டைப் பார்த்தாள். கங்காதரனே கையை நீட்டினான். கையூம் கட்டை அவிழ்த்துச் சோப்புப் போட்டு வெகுநேரம் கழுவச் சொன்னார். அன்றைக்கே பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

மூன்றாம் நாள் சூரன் செத்தது. கங்காதரன் பட்டணத்தில் இரண்டு வாரம் தங்கி, வயிற்றில் நாளுக்கு ஒன்றாகப் பதினான்கு ஊசி போட்டுக்கொண்டு திரும்பினான்.

"எனக்கு ஒண்ணியும் ஆவாது மே," என்று மனைவியிடம் சிரித்தான்.

ஒன்றும் ஆகவும் இல்லை. ஆனாலும் மாதக்கணக்கில், அவன் தண்ணீர்ச் செம்பைத் தூக்கும்போதெல்லாம், குடித்து முடிக்கும்வரை அவள் மூச்சுவிடவில்லை.