நிறுத்து என்று ஒரு பொத்தான்

அக்கா காலையெல்லாம் பார்த்த வேலையைத் தண்ணீரில் கரைத்தது வேறு யாருமில்லை, தம்பியேதான்.

இரவல் வாங்கிப்போன ஏணியைத் திருப்பிக் கொடுக்க வந்தவன், கொடுத்துவிட்டுப் பேசாமல் போயிருக்கலாம். போகவில்லை. அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று திரையை எட்டிப் பார்த்தான்.

அக்கா சட்டப் புத்தகப் பதிப்பகம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே மெய்ப்புத் திருத்துகிறவள். ஆயிரத்து நூற்று நாற்பது பக்கத் தொகுப்பு. மாலை நான்கு மணிக்குள் அச்சகத்துக்குப் போய்ச் சேரவேண்டும். அதை அவள் திருத்திக்கொண்டிருந்தது தம்பியின் அலுவலகம் தயாரித்த எழுதுசெயலியில். அவளாக அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. தம்பி நச்சரித்து மாற்ற வைத்திருந்தான்.

"என்னக்கா இது, 'மனுதாரர்'னு வர எடத்துலல்லாம் 'விண்ணப்பதாரர்'னு ஒவ்வொண்ணா மாத்திட்டிருக்க? ஒரே அழுத்துல எல்லாத்தையும் மாத்தலாம். தள்ளு."

"வேணாம்டா. எனக்கு இப்படியே பழகிருச்சு."

"இத எழுதினதே நான்தான்க்கா!"

அழுத்தினான். நீலக் கோடு பன்னிரண்டு விழுக்காடு வரை கம்பீரமாக நடந்து வந்து, அங்கேயே நின்றுவிட்டது.

"என்னடா, அசைய மாட்டேங்குது?"

"யோசிக்குது."

"ஒரு எழுத்து கூட அடிக்க முடியலியே."

"கீழ 'நிறுத்து'ன்னு ஒரு பொத்தான் இருக்கு பாரு. அத அழுத்துக்கா."

அழுத்தினாள்.

"இன்னும் நல்லா அழுத்துக்கா."

இருபத்து மூன்று தடவை அழுத்தினாள். வேறு வேலை இல்லாததால் தம்பி எண்ணிக்கொண்டிருந்தான். பிறகு திரை வெளுத்து, செயலி தானாகவே மூடிக்கொண்டது. காலையிலிருந்து திருத்திய நாற்பது பக்கமும் அதோடு போயிற்று.

அந்தப் பொத்தான் எதனோடும் இணைக்கப்படவில்லை என்பது தம்பிக்கு முன்பே தெரியும். அதை வரைந்தவனே அவன். நீண்ட வேலையை நடுவில் நிறுத்தும் வழியை அமைக்க அவகாசம் கேட்டபோது, மேலாளர் சிரித்தார்: "பொத்தான் கண்ணுல பட்டா போதுங்க. ஜனங்க அத அழுத்திக்கிட்டே பொறுமையா இருப்பாங்க." அவர் சொன்னதில் தப்பில்லை. அக்கா பொறுமையாகத்தான் இருந்தாள்.

"கோபமாக்கா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

அச்சகத்துக்குப் போன் போட்டு ஒரு நாள் தவணை கேட்டாள். பதினோரு வருடத்தில் அவள் தவணை கேட்டது அதுதான் முதல் தடவை. தம்பி ஏணியை ஒருமுறை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நகர்த்தி வைத்துவிட்டுக் கிளம்பினான்.

மறுநாள் அவளுக்குப் போன் செய்து கேட்டான். ஒண்ணுமில்ல. அதற்கு மறுநாளும் ஒண்ணுமில்ல. எப்போதும் அரை மணி நேரம் பேசுகிறவள், ஒரே சொல்லில் முடித்துக்கொண்டாள். வேறு வழியில்லாமல் அக்காவின் கணவரான மாமாவைக் கூப்பிட்டான்.

"மாமா, அக்கா என் மேல கோபமா இருக்காளா?"

"மாப்ள, எனக்குத் தெரிஞ்ச கணக்கு ஒண்ணுதான். பாத்திரத்த டம்முனு வச்சா சாதாரணக் கோபம். சத்தமே வராம வச்சான்னா, வீட்டுப் பக்கம் தலை காட்டாதே."

"இப்ப எப்படி வைக்கிறா?"

"மூணு நாளா வீட்டுல ஊசி விழுந்தாக் கேக்குது மாப்ள."

தம்பி நேராக மேலாளரிடம் போனான். "சார், பொத்தானை நிஜமாவே வேலை செய்ய வைக்கணும். ரெண்டு வாரம் தருவீங்களா, மாட்டீங்களா?"

இதற்காக ஒரு கூட்டம் போடப்பட்டது. மேலாளர் ஒரு மணி பத்து நிமிடம் பேசினார். வாடிக்கையாளர்தான் கண் என்றார். கண்ணை இமை காப்பதுபோல் என்றார். இமையைப் பற்றியும் கொஞ்சம் சொன்னார். நடுவில் இரண்டு பேர் கை தூக்கினார்கள். "முடிச்சுட்டு வரேன்" என்று சொல்லி, முடிக்காமல் தொடர்ந்தார். கடைசியில், "பார்க்கலாம்" என்றார்.

தம்பிக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. அவன் எழுதிய செயலி அப்படியே மேலாளரைப் போல இருந்தது. ஒரு வேலையைப் பிடித்துத் தலை குனிந்தால், முடியும்வரை நிமிராது. வெளியே யார் தட்டினாலும் காதில் விழாது. ஒரு சொல்லை மாற்றியதும் ஆயிரத்துச் சொச்சம் பக்கத்தையும் புதிதாக அடுக்கிப் பார்க்கும், பிறகு அடுத்த சொல்லுக்குப் போகும். செய்ய வேண்டியது, வேலை நடுவில் அவ்வப்போது நிமிர்ந்து, "யாராவது கூப்பிட்டீங்களா?" என்று கேட்கப் பழக்குவது.

அவகாசம் கிடைக்காவிட்டால் என்ன, கூட்டங்கள் இருக்கின்றனவே. வாரத்துக்கு ஐந்து. கடைசி நாற்காலியில் மடிக்கணினியோடு உட்கார்ந்துகொண்டான். குறிப்பெடுக்கிறான் என்று மேலாளருக்குப் பெருமை.

முதல் முயற்சியில் ஒவ்வொரு எழுத்துக்கும் நிமிர்ந்து பார்க்கச் சொல்லிவிட்டான். இரண்டு நிமிட வேலை முக்கால் மணி நேரம் ஓடியது; கூப்பிட்டீங்களா, கூப்பிட்டீங்களா என்று கேட்பதிலேயே பொழுது போய்விட்டது. பிறகு அதை நொடிக்குப் பத்து தடவையாகக் குறைத்தான். வேலையும் நடந்தது, பொத்தானை அழுத்தினால் அதன் காதிலும் விழுந்தது. அன்றைக்குக் கூட்டத்தின் கடைசி நாற்காலியில் அவன் தன்னையறியாமல் கைதட்ட, மேலாளர் அது தன் பேச்சுக்கு என்று நினைத்து மேலும் கால் மணி நேரம் பேசினார்.

சனிக்கிழமை மதியம் அக்கா வீட்டுக்குப் போனான். கதவைத் திறந்தவள், "வா" என்றாள். அதோடு சரி. தண்ணீர்ச் செம்பைச் சத்தமில்லாமல் மேசைமேல் வைத்தாள். மாமா செய்தித்தாளுக்குப் பின்னால் மறைந்துகொண்டார்.

"ஒரே ஒரு தடவ பாருக்கா. பழைய கோப்போட நகல்லதான் போடறேன். ஒண்ணும் ஆகாது."

நீலக் கோடு கிளம்பியது. "இப்ப அழுத்து." அவள் ஒரே ஒரு தடவை அழுத்தினாள். கோடு டக்கென்று நின்றது. எழுத்தடித்தாள், எழுத்து விழுந்தது. தம்பியின் முகத்தில் ஆயிரம் விளக்கு.

அக்கா பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். அறுநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் கை நின்றது.

"இங்க வரைக்கும் விண்ணப்பதாரர். அடுத்த பக்கத்துலேர்ந்து மனுதாரர். ஒரே ஆளு, பாதி வழியில வேற ஆளாயிட்டான். நீதிபதி இதுல யாருக்குடா தீர்ப்புச் சொல்லுவாரு?"

செய்தித்தாள் குலுங்கியது. மாமா சிரித்ததை இருமலாக மாற்றிக்கொண்டார்.

நிறுத்தினால் மட்டும் போதாது, தொடங்கிய இடத்துக்கே திரும்பவும் வேண்டும் என்பது தம்பிக்கு அதுவரை தோன்றவில்லை. ஏதாவது சொல்லிச் சமாளிக்க வாய் திறந்தான். "அது வந்துக்கா, அது ஒரு தற்காலிக..." என்று ஆரம்பித்தவன், அவனே நிறுத்திக்கொண்டான்.

"அக்கா. அன்னிக்கு இருபத்திமூணு தடவ அழுத்தினியே, அந்தப் பொத்தான். அது எதோடயும் சேரல. வெறும் படம். நான்தான் வரைஞ்சேன். அழுத்துன்னு சொல்றப்பவே எனக்குத் தெரியும்."

மாமா செய்தித்தாளைக் கீழே இறக்கினார். அக்கா நாற்காலியைத் திருப்பி அவனை நேராகப் பார்த்தாள்.

"கோபமாக்கா?" என்றான், நான்காவது தடவையாக.

"ஆமா."

தம்பி தலையை ஆட்டினான்.

"கோபம்தான்டா. நாற்பது பக்கம் போனதுக்கில்ல, அத நான் அன்னிக்கே மறுபடி உக்காந்து முடிச்சுட்டேன். தெரிஞ்சுகிட்டே என் பக்கத்துல நின்னு 'இன்னும் நல்லா அழுத்துக்கா'ன்னு சொன்ன பாரு, அதுக்குத்தான். எனக்கு விரல் வலிச்சுதுடா." பக்கத்து நாற்காலியைக் காலால் இழுத்து அவன் முன்னால் போட்டாள். "உக்காரு. இந்த அறுநூத்திப் பன்னெண்ட மொதல்ல சரி பண்ணு."