பாகற்காய்ச் சாறு குடித்த பரம்பரை

பேரனின் கோளாறு எங்கிருந்து வந்தது என்று சோதிக்க ரத்தம் கொடுக்க வேண்டும் என்று கோயமுத்தூர் டாக்டரம்மா சொல்லி அனுப்பியதும், அன்னூர் காளிச்சாமி பாகற்காய்ச் சாறு குடிக்க ஆரம்பித்தார். சோற்றை விட்டார், தோட்டத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார். மூன்று நாளில் ரத்தம் சுத்தமாகிவிடும் என்று நம்பினார். மூத்திரம் போன இடத்தில் எறும்பு மொய்த்ததைப் பார்த்தும், கோளாறு எறும்புக்குத்தான் என்று இருந்துவிட்ட மனிதர் அவர்.

"ஏனுங்க, அவங்க பாக்கறது வம்சத்துல வர்றதையாமாங்க. சர்க்கரைய இல்லீங்க" என்றாள் மனைவி மயிலாத்தாள்.

"எல்லாம் ஒரே ரத்தந்தான். போ, இன்னொரு டம்ளர் கொண்டா."

மகள் பிரவீனாவின் பையன் அருள்குமாருக்கு ஏழு வயது. யார் முகத்தையும் நேராகப் பார்க்க மாட்டான். சொன்னதையே சொல்வான், படிப்பு ஏறவில்லை. இது கிணத்துக்கடவு சம்பந்தி வீட்டுக் கோளாறு என்பது காளிச்சாமியின் தீர்ப்பு. வரன் விசாரிப்பதில் அவர் பேர்போனவர். யார் வீட்டுக் கல்யாணப் பேச்சானாலும் அவரைக் காரில் ஏற்றிக்கொண்டுதான் கிளம்புவார்கள். எதிர் வீட்டாரின் குலக் கூட்டத்தில் மூன்று தலைமுறைக்குள் கிறுக்கு, வலிப்பு உண்டா என்று பால்காரன்வரை கேட்டுவிடுவார். அப்படிப்பட்டவர் சொந்த மகள் விஷயத்தில் ஏமாந்துபோனதாக, போகிற பந்தியிலெல்லாம் சொல்லிவந்தார். பேச்சு கிணத்துக்கடவுக்குப் போய்ச் சேர்ந்தது. சம்பந்தியம்மாள் தெய்வாத்தாள் மருமகளோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். ஒரே வீட்டில் மூன்று வருஷமாக இரண்டு அடுப்பு எரிந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவருடைய வறண்ட நாக்கைப் பார்த்துவிட்டுச் சர்க்கரையையும் சோதித்தார். முந்நூற்றுப் பத்து.

"பட்டினி கெடந்தே முந்நூறுங்களா? ஜிலேபி தின்ன அன்னைக்குப் பாத்திருந்தா மெசினே வெடிச்சிருக்கும்" என்றாள் மயிலாத்தாள்.

மாத்திரை கொடுத்தார்கள். காளிச்சாமி ஒரு வேளைகூடத் தவறாமல் விழுங்கினார். பரம்பரைச் சோதனைக்கு எடுத்த ரத்தம் வெளியூர் போய்விட்டது, இங்கே விழுங்கும் மாத்திரை அங்கே போய்ச் சேராது என்பது மட்டும் அவருக்கு உறைக்கவில்லை.

முடிவு வந்ததும் டாக்டரம்மா மெதுவாகச் சொன்னார். "உங்ககிட்ட ஒரு சின்ன மாற்றம் இருந்திருக்குங்க. உங்களை அது ஒண்ணும் செய்யல. மககிட்டப் போச்சு, மககிட்டிருந்து பேரனுக்குப் போறப்ப பெருசாயிருச்சு. இதுல யாரு தப்பும் இல்லீங்க."

"இப்பச் சர்க்கரை எறங்கியிருக்குதுங்களே, இன்னொருக்கா எடுத்துப் பாக்கலாங்களா?"

"அது எறங்கும், ஏறும். இது அப்படியேதான் இருக்குங்க."

பஸ்ஸில் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து ஊர் திரும்பினார். ஊரார் வம்சத்தையெல்லாம் தோண்டியவர், தான் நின்ற இடத்தில் கடப்பாரை போடவில்லை. "அன்னைக்கு உன்ற அப்பன் என்னைய மாதிரி ஒரு ஆளைக் கூட்டியாந்து விசாரிச்சிருந்தா, நீ தப்பிச்சிருப்பே" என்றார்.

"இப்பத்தான் சொல்றீங்க" என்றாள் மயிலாத்தாள்.

மறுநாள் கிணத்துக்கடவு போனார். தெய்வாத்தாள் "வாங்க" என்றாள். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னார். "உங்க கூட்டத்துல ஒரு பழுதுமில்லீங்க. என்றகிட்ட இருந்துதான் வந்திருக்குது. என்ற புள்ளையோட பேசுங்க."

"ஊட்டுக்குள்ள வந்து சொன்னா ஆச்சுங்களா? பந்தியில சொன்னதைப் பந்தியிலயே சொல்லோணுங்க."

அடுத்த முகூர்த்தம் கருமத்தம்பட்டியில் வந்தது. இரண்டு வீட்டாருக்கும் சொந்தம். இலை போட்டுச் சோறு விழுந்ததும் காளிச்சாமி எழுந்து நின்றார். சர்க்கரை மயக்கமோ என்று பக்கத்திலிருந்தவர் கையைப் பிடித்தார். அதை விலக்கிவிட்டு, பந்தி முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: பேரனுக்கு வந்தது தன் ரத்தத்திலிருந்து வந்தது, சம்பந்தி வீட்டைச் சொன்னதெல்லாம் தன் வாய்க்கொழுப்பு.

எதிர்வரிசையிலிருந்த உறவுக்காரர் சென்னிமலை சோற்றைப் பிசைந்தபடியே கேட்டார். "மாமா, அப்ப வெள்ளிக்கிழமை எங்க பொண்ணுக்கு எடம் பாக்க வாரீங்களா, இல்லீங்களா?"

"மொதல்ல என்னைய விசாரிச்சுப்போட்டுக் கூப்புடு சாமி."

பந்தியில் எழுந்த சிரிப்பு அடங்கியது. பெண்கள் வரிசையில் தெய்வாத்தாள் இலையிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள். "பிரவீனா, பையனுக்கு ரசம் கொண்டாரச் சொல்லு."

பரிமாறுகிறவரைக் கூப்பிடாமல், மூன்று வருஷத்துக்குப் பிறகு மாமியார் சொன்ன முதல் வேலைக்குப் பிரவீனா தானே எழுந்து போனாள்.